ஒரே ராத்திரி, இரண்டு தேதி: நிலநடுக்கப் பட்டியல் ஒன்றைச் சீராக்கிய அனுபவம்

எங்கள் கோப்பில் 2005ஆம் ஆண்டின் நியாஸ் நிலநடுக்கம் இரண்டு வரிகளில் இருந்தது. ஒரு வரியில் மார்ச் 28, இன்னொன்றில் மார்ச் 29. இரண்டிலும் அளவு 8.6. இரண்டிலும் இடம் சுமத்ராவின் மேற்குக் கரைக்கு அப்பால். கணினியில் பட்டியல்களைக் கோத்துக்கொண்டிருந்த அக்கா மகள்தான் முதலில் பார்த்தாள்.

“மாமா, அடுத்தடுத்த நாள் ரெண்டு எட்டுப் புள்ளி ஆறு வந்துச்சா?”

வரவில்லை. வந்தது ஒன்றுதான். கிரீன்விச் நேரப்படி அது மார்ச் 28, மாலை 4:09. மலேசியாவில் அப்போது நள்ளிரவு தாண்டி 9 நிமிடம், அதனால் தேதி 29. சென்னையில் இரவு 9:39, அங்கே இன்னும் 28. அனைத்துலகப் பட்டியலிலிருந்து ஒரு வரி வந்திருந்தது. மலேசியச் செய்திகளைப் படித்து நாங்களே சேர்த்தது இன்னொரு வரி.

அன்றிரவு பினாங்கிலிருக்கும் அத்தைக்குப் போன் போட்டேன். 2005இல் அவர் ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடியின் 10ஆம் மாடியில் குடியிருந்தார். சுனாமி வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது, பயம் தெளியாத நேரம். ஆட்டம் தெரிந்ததும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு படி வழியாக இறங்கி, விடியும்வரை கீழே கார் நிறுத்துமிடத்திலேயே உட்கார்ந்திருந்தார்களாம்.

“திங்கக்கெழம ராத்திரிப்பா. நல்லா ஞாபகம் இருக்கு. சாமி விளக்கு தானா ஆடுச்சு” என்றார்.

நாட்காட்டிப்படி அது செவ்வாய். ஆனால் நம் வழக்கில் பொழுது விடிந்தால்தான் அடுத்த நாள். நள்ளிரவு தாண்டி எது நடந்தாலும் அது முந்தின நாள் ராத்திரிதான். அத்தை சொன்ன திங்கள் கிரீன்விச் நாளோடு தற்செயலாகப் பொருந்திப்போனது. பொருந்தாமலும் போயிருக்கலாம்.

உலகமெங்கும் கருவிகள் பதிவு செய்த ஒரு நிலநடுக்கத்துக்கே இந்தக் குழப்பம் என்றால், கருவியே இல்லாத காலத்து நிலநடுக்கங்களை நினைத்துப் பாருங்கள். அந்த வேலையில் நாங்கள் எங்கே தடுக்கினோம், என்ன முடிவெடுத்தோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எதற்காகத் தொடங்கினோம்

நான் கோலாலம்பூரில் கட்டடங்களின் வலுவைக் கணக்கிடும் பொறியாளன். 2012 ஏப்ரல் 11, மாலை 4:38 மணிக்குச் சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் 8.6 அளவில் நிலம் நழுவியது. எங்கள் அலுவலகம் இருந்த மாடியில் ஜன்னல் திரைகள் மெதுவாக, ஊஞ்சல் போல, முன்னும் பின்னும் போய் வந்தன. சத்தம் இல்லை, எதுவும் உடையவில்லை. தலைசுற்றல் என்று நினைத்து நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன். கீழே சாலையோரக் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

காரணம் எளிது. நிலநடுக்கம் கிளப்பும் வேகமான சிறு அதிர்வுகள் தூரம் போகப்போகத் தேய்ந்துவிடும். மெதுவான நீண்ட அலைகள் பல நூறு கிலோமீட்டர் தாண்டியும் வரும். ஒரு கட்டடம் ஒருமுறை ஆடி வர எத்தனை விநாடி ஆகும் என்பதற்கு எங்கள் தொழிலில் கைக்கணக்கு ஒன்று உண்டு: மாடி எண்ணிக்கையைப் பத்தால் வகுத்தால் போதும். 20 மாடி என்றால் ஏறத்தாழ 2 விநாடி. தூரத்திலிருந்து வரும் அலையின் தாளமும் கட்டடத்தின் தாளமும் ஒத்துப்போனால் கட்டடம் ஆடும். ஒற்றை மாடிக் கடைக்கு அந்தத் தாளம் கிடையாது.

அதற்குப் பிறகு வீட்டு உரிமையாளர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இந்த மாதிரி எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை வரும்? 2017இல், நிலநடுக்கம் தாங்கும் கட்டடங்களுக்கான ஐரோப்பிய விதித்தொகுப்பான யூரோகோட் 8க்கான மலேசியத் தேசிய இணைப்பு வந்தது. வடிவமைப்புக்கு வேண்டிய எண்கள் அதில் இருக்கின்றன. ஆனால் அந்த மாதிரி எண்களெல்லாம் எதன்மேல் நிற்கின்றன என்று தேடிப் போனால், அடியில் இருப்பது ஒரு பட்டியல். எந்த நாளில், எந்த இடத்தில், எவ்வளவு பெரிய நிலநடுக்கம் வந்தது என்ற வெறும் பட்டியல். அது சரியில்லை என்றால் மேலே கட்டியதெல்லாம் சரிவு.

சரி, பட்டியல் எவ்வளவு தூரம் பரவ வேண்டும்? மலேசியாவோடு நிறுத்த முடியாது என்பது முதல் நாளே தெரிந்தது. கோலாலம்பூரை ஆட்டுவது பெரும்பாலும் சுமத்ரா. சுமத்ராவைப் பற்றி எழுதி வைத்தவர்கள் டச்சுக்காரர்கள். அந்தமான், நிக்கோபார் பற்றிய பதிவுகள் கல்கத்தாவிலும் சென்னையிலும். போர்னியோவுக்கு வடக்கே போனால் மணிலாவில் ஸ்பானியர்கள். இழுத்தால் கொடி முழுவதும் வருகிறது. கடைசியில் குஜராத்தின் கட்ச் முதல் பிலிப்பைன்ஸின் லூசோன் வரை, ஆசியாவின் தெற்கு, தென்கிழக்கு முழுவதும் எங்கள் எல்லையாகிவிட்டது.

நாங்கள் மூன்று பேர். நான், நிரல் எழுதத் தெரிந்த அக்கா மகள், பழைய செய்தித்தாள்களில் ஊறிப்போன ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர். அவர் பினாங்குக்காரர், நாங்கள் சார் என்று கூப்பிடுவோம். வாரக் கடைசிகளில் செய்த வேலை இது.

முதல் தவறு என்னுடையது

ஏற்கெனவே இருக்கும் பட்டியல்களை எடுத்து ஒன்றாகக் கொட்டி, இரட்டைகளை நீக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன். நல்ல பட்டியல்களுக்குப் பஞ்சமில்லை. தாமஸ் ஓல்டாம் தொகுத்து, அவர் மகன் ஆர்.டி. ஓல்டாம் செம்மைப்படுத்தி, 1883இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை வெளியிட்ட பட்டியல் 1869 வரையான இந்திய நிலநடுக்கங்களைச் சொல்கிறது. டச்சு இந்தியத் தீவுகளுக்கு ஆர்தர் விக்மன் ஜெர்மன் மொழியில் தொகுத்த இரண்டு பாகங்கள் 1877 வரை வருகின்றன. இவற்றையெல்லாம் உள்வாங்கிய பிற்காலப் பட்டியல்கள் இன்னும் நிறைய.

ஒரே நாளில், 100 கிலோமீட்டருக்குள் வரும் இரண்டு வரிகளை ஒன்றாக்கு என்று விதி வைத்தோம். நியாஸ் வரிகள் இரண்டும் அந்த விதியின் சல்லடையில் தப்பியவை. தேதி வேறாக இருந்ததால் நிரல் தொடவில்லை. இன்னொரு பக்கம், ஒரே நாளில் உண்மையிலேயே நடந்த இரண்டு பெரிய அதிர்வுகளை அதே விதி ஒன்றாக்கி விழுங்கியது. 2012 ஏப்ரல் 11இல் 8.6 வந்து இரண்டு மணி நேரம் கழித்து 8.2 வந்தது. இரண்டின் மையங்களும் 100 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்ததால் அது பிழைத்தது. சிறிய பின்னதிர்வுகள் பல பிழைக்கவில்லை.

அதைவிட மோசமான ஒன்று மெல்லத்தான் புரிந்தது. நான்கு பட்டியல்கள் ஒரே நிலநடுக்கத்தைச் சொன்னால் நான்கு சாட்சிகள் என்று எண்ணியிருந்தேன். பின்னோக்கிப் போய்ப் பார்த்தால் நான்கும் ஒரே மூலத்திலிருந்து ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. சாட்சி ஒருவர்தான். அவரும் நேரில் பார்த்தவர் இல்லை என்றால்?

வராத நிலநடுக்கம்

1737, கல்கத்தா. உலகின் கொடிய நிலநடுக்கங்கள் என்று போடப்படும் பட்டியல்களில் நெடுங்காலம் இடம்பெற்ற பெயர் இது. தேதி அக்டோபர் 11, இறந்தவர்கள் 3 லட்சம். எங்கள் கோப்பிலும் இரண்டு பட்டியல்களிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தது.

இதைத் தோண்டிப் பார்த்தவர் நிலநடுக்க ஆய்வாளர் ரோஜர் பில்ஹாம். 1994இல் அவர் வெளியிட்ட ஆய்வு இந்த வேலையில் இறங்குகிற எவரும் படிக்க வேண்டியது. 3 லட்சம் என்ற எண் மறு ஆண்டு லண்டன் பத்திரிகையில் வந்த செய்தியிலிருந்து பரவியது. கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போன கடிதங்களோ பெரும் புயலையும் வெள்ளத்தையும் விவரிக்கின்றன. கல்கத்தாவில் இறந்தவர்கள் ஏறத்தாழ 3,000 என்று அங்கிருந்தவர்களின் கணக்கு. அன்றைய கல்கத்தாவில் 3 லட்சம் பேர் சாகும் அளவுக்கு மக்களே கிடையாது. வங்கக் கடலில் ஐப்பசி நெருங்கும் காலத்தில் புயல் வருவதைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தேதியிலும் ஒரு முடிச்சு. இங்கிலாந்து 1752 செப்டம்பர் வரை பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது. கம்பெனிக்காரர்கள் எழுதிய தேதி செப்டம்பர் 30, புதிய கணக்கில் அது அக்டோபர் 11. இரண்டையும் தெரியாமல் தொகுத்தால் வராத ஒரு நிலநடுக்கம் இரண்டு முறை வந்துவிடும்.

இந்த வரியை அழித்துவிடலாம் என்று நான் சொன்னேன். சார் ஒப்புக்கொள்ளவில்லை.

“அழிச்சிட்டீங்கன்னா, நாளைக்கு வேற ஒருத்தர் பழைய புத்தகத்தப் பார்த்துட்டு, விட்டுப்போச்சுன்னு திரும்பச் சேர்ப்பாரு தம்பி” என்றார்.

அவர் சொன்னதுதான் நியாயம். அந்த வரி இன்றும் கோப்பில் இருக்கிறது. அதன் எதிரே “நிலநடுக்கம் அன்று, புயல்” என்று எழுதி, ஏன் என்பதையும் சேர்த்திருக்கிறோம். கணக்கில் அது சேராது. கண்ணுக்கு மட்டும் தெரியும்.

அன்றிலிருந்து எங்கள் முறையே மாறியது. ஒன்றாகக் கொட்டி வடிகட்டுவதை விட்டுவிட்டோம். ஒவ்வொரு நிலநடுக்கத்துக்கும் ஓர் எண். அந்த எண்ணின் கீழே அதைப் பற்றி வந்த எல்லாக் குறிப்புகளும், எவர் எங்கிருந்து எடுத்தார் என்ற தடத்தோடு. அவற்றில் எதை நம்புகிறோம் என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறோம், மற்றவை அப்படியே கிடக்கும். இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. ஐரோப்பாவில் 1000 முதல் 1899 வரைக்கும், உலக அளவில் 1000 முதல் 1903 வரையான பெரிய நிலநடுக்கங்களுக்கும் இப்படித்தான் தொகுத்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் ஒவ்வொரு நாடும் தன் எல்லைக்குள் தனிப் பட்டியல் வைத்திருந்தது. எல்லையில் நடந்த நிலநடுக்கத்துக்கு இரு பக்கமும் இரு வேறு மையம், இரு வேறு அளவு. நம் பக்கம் எல்லைக்கோட்டின் வேலையைக் காலனி ஆட்சிகள் செய்துவைத்திருக்கின்றன, அவ்வளவுதான்.

யாருடைய கடிகாரம்?

நேரத்தைச் சரிசெய்ததில்தான் அதிக நாள் போனது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பிறர் பட்டியல்களில் இது பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துபோகிற விஷயம்.

1861 பிப்ரவரி 16 மாலையில் சுமத்ராவின் மேற்குக் கரையை ஒரு பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. 2005இல் உடைந்த அதே பகுதிதான் அன்றும் உடைந்தது என்று இன்று கருதுகிறார்கள். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் உணர்ந்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் பொது நேரம் என்று ஒன்று கிடையாது. ஒவ்வோர் ஊருக்கும் அதனதன் சூரியன். பினாங்குக் கடிகாரம் கிரீன்விச்சைவிட ஏறத்தாழ 6 மணி 41 நிமிடம் முந்தி ஓடியது, சிங்கப்பூர்க் கடிகாரம் 6 மணி 55 நிமிடம், பத்தாவியா (இன்றைய ஜகார்த்தா) 7 மணி 7 நிமிடம். ஒரே நொடியில் மூன்று ஊரிலும் விளக்கு ஆடினாலும் பினாங்கும் சிங்கப்பூரும் 14 நிமிட வித்தியாசத்தில் எழுதும். இதைக் கவனிக்காத தொகுப்பாளர் இரண்டு அதிர்வுகள் என்று பதிவார்.

பிறகு மலாயாவின் கடிகாரமே பலமுறை மாறியது. 1901இல் சிங்கப்பூர் நேரம் பொது நேரமானது. 1905 ஜூன் முதல் கிரீன்விச்சுக்கு 7 மணி முன்னால். 1933 முதல் 7 மணி 20 நிமிடம். 1941 செப்டம்பரில் 7:30. ஜப்பானியர் ஆட்சியில் டோக்கியோ நேரம், அதாவது 9 மணி. போர் முடிந்ததும் மறுபடி 7:30. 1982 ஜனவரி 1 முதல்தான் இன்றைய 8 மணி.

1941 ஜூன் 26 அந்தமான் நிலநடுக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அளவு ஏறத்தாழ 7.7, நேரம் கிரீன்விச் 11:52. அன்றைய மலாயாக் கடிகாரத்தில் அது இரவு 7:12. இன்றைய 8 மணிக் கணக்கை அப்படியே போட்டால் 7:52 ஆகிவிடும். அக்கா மகளின் நிரலில் முதலில் அப்படித்தான் இருந்தது, எல்லா ஆண்டுக்கும் ஒரே 8 மணி. போர்க்காலத்துக் குறிப்புகளைப் பார்க்கும்போது சார் சொன்னார்: “ஜப்பான் நேரத்துல எட்டு மணிக்கு மேலதான் விடியும்னு எங்கப்பா சொல்வாரு. அந்த வருஷக் குறிப்புல ‘விடியக்காலை’ன்னு இருந்தா மணிய நம்பாதீங்க, வார்த்தைய நம்புங்க.”

இந்தியப் பக்கமும் லேசில்லை. 1906இல் பொது நேரம் வரும்வரை சென்னை நேரம் 5 மணி 21 நிமிடம், கல்கத்தா நேரம் 5 மணி 53 நிமிடம். அதன் பிறகும் கல்கத்தா தன் நேரத்தை உடனே விட்டுவிடவில்லை.

நாளும் நிலையாக இல்லை. ஸ்பானியர்கள் மெக்சிகோ வழியாகப் பசிபிக் கடந்து வந்தவர்கள் என்பதால் மணிலா அமெரிக்கத் தேதியை வைத்துக்கொண்டிருந்தது. அண்டை ஊர்களைவிட ஒரு நாள் பின்னால். 1844 டிசம்பர் 30க்கு மறுநாள் 1845 ஜனவரி 1 என்று அறிவித்து அதைச் சரிசெய்தார்கள். ஆக, 1645 நவம்பர் 30இல் மணிலாவை இடித்துத் தள்ளிய நிலநடுக்கம் பத்தாவியாவின் நாட்காட்டியில் டிசம்பர் 1. மலாய்ச் சுவடிகளில் வரும் ஹிஜ்ரி நாள் சூரியன் மறையும்போது பிறக்கிறது, தமிழ் நாள் சூரியன் உதிக்கும்போது. ஒரே ராத்திரி, முஸ்லிம் எழுத்தர் கையில் அடுத்த நாளாகவும் தமிழ்க் கணக்குப்பிள்ளை கையில் முந்தின நாளாகவும் இருக்கும்.

அப்புறம், “நேற்று” என்ற சொல். பழைய செய்தித்தாள்கள் கப்பலில் வந்த பிற ஊர்ப் பத்திரிகைகளைப் பார்த்து அப்படியே அச்சிட்டன. “நேற்று மாலை” என்று பினாங்கில் எழுதியது பத்து நாள் கழித்து வேறோர் ஊரில் அதே “நேற்று மாலை”யாக வரும். சார் இதற்காகவே ஒரு பழக்கம் வைத்திருந்தார். செய்தியின் மேலே, கீழே, பக்கத்துப் பத்தியில் என்ன இருக்கிறது என்று பூதக்கண்ணாடியோடு பார்ப்பார். எந்தக் கப்பல் வந்தது, எந்தப் பத்திரிகையிலிருந்து எடுத்தது என்று அங்கே எங்கேயாவது சின்ன எழுத்தில் இருக்கும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் உடனே எனக்குப் படம் பிடித்து அனுப்புவார், சில நாள் நடுராத்திரியில்கூட.

முடிவில் எங்கள் கோப்பில் நேரத்துக்கே நான்கு கட்டம் வைத்தோம்: மூலத்தில் எழுதியிருந்த நேரம், எந்த ஊர்க் கடிகாரம், எந்த நாட்காட்டி, நாங்கள் கணக்கிட்ட கிரீன்விச் நேரம். முதல் கட்டத்தை எவரும் எப்போதும் திருத்தக்கூடாது.

ஓர் எண்ணுக்குள் எத்தனை எண்

ரிக்டர் அளவு என்று நாம் பொதுவாகச் சொல்கிறோம். சார்லஸ் ரிக்டர் 1935இல் கலிபோர்னியாவுக்காக, அங்கிருந்த ஒருவகைக் கருவிக்காக உருவாக்கிய அளவு அது. பின்னால் வந்தவை பல. உடல் அலையை அளப்பது ஒன்று, மேற்பரப்பு அலையை அளப்பது ஒன்று, உடைப்பின் மொத்தப் பருமனை வைத்து 1979இல் ஹாங்க்ஸ், கனமோரி இருவரும் வகுத்த மொமெண்ட் அளவு ஒன்று. 5, 6 அளவுள்ள நிலநடுக்கங்களில் எல்லாமே ஒன்றுக்கொன்று அருகில் இருக்கும். பெரிய நிலநடுக்கத்தில்தான் குட்டு உடையும். வேகமாக அதிரும் குறுகிய அலைகளை அளப்பவை ஒரு கட்டத்துக்கு மேல் ஏற மறுக்கும். சின்னப் படியால் எவ்வளவு நெல்லை அளந்தாலும் ஒரு படிக்குத் தலை தட்டித்தானே ஆக வேண்டும்?

2004 டிசம்பர் 26ஐ நாம் மறக்க முடியாது. மலேசிய நேரம் காலை 8:58. பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையத்தின் முதல் மதிப்பீடு 8.0. ஒரு மணி நேரம் கழித்து 8.5. பிறகு 9.0. இன்று பெரும்பாலும் 9.1 என்று போடுகிறார்கள், பூமி முழுவதும் மணி போல அதிர்ந்ததை வைத்து 9.3 என்று கணக்கிட்டவர்களும் உண்டு. 1,200 கிலோமீட்டருக்கு மேல் நீண்ட உடைப்பு, 8 நிமிடத்துக்கு மேல் ஓடியது. முதல் சில விநாடி அலையை மட்டும் அளந்தால் முழு உருவம் எப்படித் தெரியும்? 8.5க்கும் 9.1க்கும் ஆற்றலில் ஏறத்தாழ 8 மடங்கு வித்தியாசம். பினாங்கில் அலை ஏறியது பிற்பகல் 1 மணிக்கு மேல். நான்கு மணி நேரம் இருந்தது, எச்சரிக்கை வரவில்லை. மலேசியாவில் 68 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் பினாங்கில். ஞாயிற்றுக்கிழமை, கடற்கரையில் பிள்ளைகளோடு இருந்தவர்கள். அளவு என்பது கட்டத்தில் நிரப்பும் எண் மட்டும் இல்லை என்பதை இந்த வேலை முழுக்க நான் மறக்கவில்லை.

எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. 1897 ஜூன் 12 அசாம் நிலநடுக்கத்துக்குப் பழைய நூல்கள் 8.7 கொடுத்தன, இப்போதைய மதிப்பீடு ஏறத்தாழ 8.1. இங்கும் அதே 0.6, அதே 8 மடங்கு, தலைகீழாக. பழைய 8.7ஐயும் 2004இன் முதல் 8.0ஐயும் ஒரே பத்தியில் வைத்தால் அசாம் பெரிது, சுமத்ரா சிறிது என்று ஆகிவிடும். எல்லாவற்றையும் மொமெண்ட் அளவுக்கு மாற்றினோம். மாற்றும்போது எந்தச் சூத்திரம், எவ்வளவு கூடக்குறைய இருக்கலாம் என்பதையும் பக்கத்திலேயே எழுதினோம். கருவிக்கு முந்திய காலத்துக்கு 0.3க்குக் குறைவாகப் பிழை எழுதியிருந்தால் எனக்கு அந்த வரிமேலேயே சந்தேகம் வரும்.

கருவி இல்லாத காலத்தில் அளவு எப்படி? மனிதர்கள் உணர்ந்ததை வைத்துத்தான். எந்த ஊரில் சுவர் விழுந்தது, எந்த ஊரில் பாத்திரம் உருண்டது, எந்த ஊரில் தூங்கியவர்கள் எழுந்தார்கள் என்று ஊர் ஊராகத் தீவிரம் குறித்து, அதிலிருந்து மையத்தையும் அளவையும் ஊகிப்பது. தீவிரத்துக்கும் பல ஏணி. ரோசி-ஃபோரல் ஏணிக்கு 10 படி, மெர்க்கலி வழிவந்தவற்றுக்கு 12. பழைய ஆவணத்தில் வெறுமனே “7” என்றிருந்தால் எந்த ஏணியின் 7 என்று கேட்காமல் எடுக்கக்கூடாது.

சில நேரம் கடல் உதவிக்கு வரும். 1881 டிசம்பர் 31 கார் நிக்கோபார் நிலநடுக்கம் கிளப்பிய சிறு சுனாமியைச் சென்னை, நாகப்பட்டினம் உள்ளிட்ட துறைமுகங்களின் அலை அளவிகள் காகிதத்தில் வரைந்து வைத்திருந்தன. நூற்றிருபது ஆண்டு கழித்து அந்தக் கோடுகளைக் கொண்டு ஒர்டிஸ், பில்ஹாம் இருவரும் அளவு 7.9 என்று கணக்கிட்டார்கள். நிலநடுக்கத்துக்காக வைக்காத கருவி ஒன்று நிலநடுக்கத்தைச் சொன்னது. எங்கள் பட்டியலில் எனக்கு மிகப் பிடித்த வரி இது.

பேசாத நூற்றாண்டுகள்

பட்டியலை வரைபடமாகப் போட்டால் 1800க்குப் பிறகு புள்ளிகள் திடீரென்று பெருகுகின்றன. பூமி திடீரென்று ஆட ஆரம்பிக்கவில்லை. எழுதுகிறவர்கள் வந்தார்கள், அவ்வளவுதான். பினாங்கில் கம்பெனி கால் வைத்தது 1786. சிங்கப்பூர் 1819. கோலாலம்பூர் உருவானது 1857. போர்ட் பிளேர் 1858. அதற்கு முன் இந்த இடங்களுக்கு வரி இல்லை என்றால் சாட்சி நம் கைக்கு வரவில்லை என்றுதான் பொருள்.

கருவிக் காலத்திலும் படிப்படியாகத்தான் வெளிச்சம். உலகளாவிய தரமான தொகுப்பு ஒன்றின் முதல் பதிப்பு 1918க்கு முன் பெரும்பாலும் 7.5க்கு மேற்பட்டவற்றையே எடுத்துக்கொண்டது, 1960 வரை 6.25, அதன் பிறகு 5.5. சிறியவை அந்தந்த நாட்டுக் கருவிகளைப் பொறுத்தது. பகாங் எல்லையில் புக்கிட் திங்கிப் பக்கம் 2007 முதல் பதிவான சிறு அதிர்வுகளும், 2025 ஆகஸ்டில் சிகாமாட்டில் வந்த 4.1உம் நூறு வருஷத்துக்கு முன் வந்திருந்தால் தோட்டத்து லயத்தில் யாராவது “என்னமோ உறுமுச்சு” என்று சொன்னதோடு போயிருக்கும். 2015 ஜூன் 5இல் கினபாலு மலையில் 18 உயிரைக் கொண்டுபோன ரானாவ் நிலநடுக்கம் 6.0. அந்த அளவு 1700களில் அங்கே வந்திருந்தால் நம் பட்டியலில் இருக்குமா? இருக்காது. எந்த இடத்துக்கு, எந்த அளவுக்கு மேல், எந்த ஆண்டிலிருந்து பட்டியலை நம்பலாம் என்று தனியாக ஓர் அட்டவணை போட்டோம். பட்டியலைவிட அந்த அட்டவணைதான் பொறியாளருக்கு முக்கியம். பலர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை என்பது என் வருத்தம்.

எழுத்து இல்லாத இடத்தில் வேறு சாட்சிகள் உண்டு. சுமத்ராவுக்கு மேற்கே மெந்தாவாய்த் தீவுகளில் பவளப் பாறைகள் மர வளையம் போல ஆண்டுக்கொரு வரி வளர்கின்றன. நிலம் மேலே எழும்பினால் தண்ணீருக்கு வெளியே வந்த தலைப்பகுதி செத்துவிடும். கெர்ரி சீ, டேனி நாதாவிஜாஜா உள்ளிட்டோர் அந்த வரிகளை எண்ணி 1797, 1833 ஆகிய பெரும் நிலநடுக்கங்களின் உருவத்தை மீட்டார்கள். தாய்லாந்தின் பிரா தோங் தீவில் 2004 மணல் படிவத்துக்குக் கீழே இன்னும் பழைய சுனாமி மணல் கிடக்கிறது, கடைசியது ஏறத்தாழ 600 ஆண்டுக்கு முந்தியது. சுமத்ராவை ஒட்டிய சிமெயுலுவே தீவில் 1907 ஜனவரி 4 சுனாமியை மக்கள் “ஸ்மோங்” என்று கதையாகவும் பாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தார்கள்: நிலம் ஆடி, கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு. 2004இல் 70,000க்கும் மேற்பட்டோர் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் 7 பேர். பாட்டியின் பேச்சு ஆவணம் ஆகாது என்று சொல்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

பின்னதிர்வுகளை நீக்குவது பற்றிச் சுருக்கமாக. கணக்குக்காக அவற்றைக் கழிக்க 1974இல் கார்ட்னர், நோபோஃப் கொடுத்த கால, தூர வரம்புகள் இன்றும் புழங்குகின்றன. ஆனால் 2012இன் இரண்டாவது 8.2ஐப் பின்னதிர்வு என்று கழித்தால், அன்று படியிறங்கியவர்கள் மறுபடி இறங்கியது எதற்கு? நாங்கள் எதையும் கழிக்கவில்லை. அடையாளம் மட்டும் இட்டிருக்கிறோம், கழிப்பவர் கழித்துக்கொள்ளட்டும்.

அத்தையின் வரி

கடந்த தைப்பூசத்துக்குப் பினாங்கு போனபோது மடிக்கணினியில் அத்தைக்குக் கோப்பைக் காட்டினேன். நியாஸ், 2005. ஓர் எண். அதன் கீழே அனைத்துலகப் பட்டியல், மலேசியச் செய்தி, அதற்குக் கீழே “ஜெலுத்தோங், 10ஆம் மாடி, திங்கள் ராத்திரி, சாமி விளக்கு ஆடியது”. தீவிரக் கட்டம் காலி. ஐரோப்பியத் தீவிர ஏணியின் வழிகாட்டி 5ஆம் மாடிக்கு மேல் உணர்ந்ததைத் தீவிரம் கணிக்க எடுக்க வேண்டாம் என்கிறது, உயரத்தில் ஆட்டம் கூடுதலாகத் தெரியும் என்பதால். அத்தைக்கு அந்தக் காலிக் கட்டம் பிடிக்கவில்லை. நான் பயந்தது பயமில்லையா என்று கேட்டார். அதனால்தான் வரியை வைத்திருக்கிறோம், உயரமான வீடு எப்படி ஆடியது என்று தெரிய இது மாதிரி வரிகள்தான் வேண்டும், எண் மட்டும்தான் போட முடியவில்லை என்றேன்.

கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கீழ் வீட்டுக்காரம்மா தரைமாடி. அவங்க ஒன்னும் தெரியலன்னாங்க. நாங்க ஓடி வர்ற சத்தத்துலதான் எழுந்தாங்களாம்.”

அதையும் எழுதிக்கொண்டேன். ஜெலுத்தோங், தரைமாடி, தூக்கத்தில், உணரவில்லை. இந்த வரிக்கு எண் போட முடியும்.